உதட்டோடு ஒட்டாத வசனம்

பேய்ப்படத்தில் பேயாக நடிக்கிற ஒருத்தி, "எனக்கு நிஜமாகவே இப்படி நடந்தது" என்று சொன்னால் யார் நம்புவார்கள்? விளம்பரம் என்பார்கள். அடுத்த படம் எப்போது என்பார்கள். என் சொந்த அண்ணனே அப்படித்தான் கேட்டான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை எழுதுவதால் எனக்கு வரப்போவது ஒன்றும் இல்லை. போனதுதான் நிறைய. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

எட்டு வருஷமாக நடிக்கிறேன். என் முகம் உங்களுக்குத் தெரியாது. ஆனால் என்னை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாடிப்படியில் தலைகீழாக இறங்கி வருவேன். கட்டிலுக்கு அடியிலிருந்து கை நீட்டுவேன். கதாநாயகி முகம் கழுவிவிட்டு நிமிரும்போது கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் நிற்பேன். எல்லாம் கையைக் கடிக்காத செலவில் அவசர அவசரமாக எடுக்கிற படங்கள். ஒரு வீட்டில் ஆரம்பித்து அதே வீட்டில் முடியும். முகத்தை மூடி முடி தொங்கும். மேக்கப் செலவு மிச்சம். அந்த விக்கைத் துவைக்காமலே படத்துக்குப் படம் கொண்டுவந்து மாட்டுவார்கள். ஈரச் சாக்கு நாற்றம் அடிக்கும். அதற்குள்தான் எட்டு வருஷம் மூச்சு விட்டிருக்கிறேன்.

எனக்கு உடம்பு நன்றாக வளையும். அதுதான் வினை. "அக்கா மாதிரி பேய் பண்ண ஆளே கிடையாது" என்று ஒவ்வொரு டைரக்டரும் சொல்வார். சொல்லிவிட்டு வசனத்தை வேறொருத்திக்குக் கொடுப்பார்.

வீட்டில் அம்மா வேறு. டிவியில் என் படம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பாள்.

"இதுல எதும்மா உங்க பொண்ணு?"

"இருங்க, வரும்... அதோ, அந்தக் கை. அது எம்பொண்ணு கை."

அவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். நான் சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருப்பேன். துலக்கிய பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் துலக்குவேன்.

ஒருவழியாகப் போன வருஷம் எனக்கு முகம் கிடைத்தது.

ஒரு படத்தில் அக்கா வேஷம் போட வேண்டிய பெண் கடைசி நேரத்தில் வரவில்லை. டைரக்டர் என்னைவிட வயதில் சின்னவர். கையைப் பிசைந்துகொண்டு என் எதிரில் வந்து நின்றார். "அக்கா, நீங்களே பண்ணிடுங்க. விக் வேணாம். கண்ணுக்கு லென்ஸ் வேணாம். சும்மா மூஞ்சியோட வாங்க" என்றார். தாய் இல்லாத வீட்டில் தங்கையைப் பார்த்துக்கொள்கிற அக்கா. ஐந்து காட்சி. ஐந்திலும் வசனம். அன்று வீட்டுக்கு வந்து கண்ணாடியின் முன்னால் வெகுநேரம் நின்றேன். அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அழுதேன்.

படப்பிடிப்பு ஒரு பழைய மாடி வீட்டில். பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடு. புரோக்கர் மூலம் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வீட்டுக்காரர் யாரென்றுகூட எங்களுக்குத் தெரியாது. மேலே ஒரு அறையில் இரண்டு இரும்புக் கட்டில்கள், சுவரோடு சுவராக, எதிரெதிரே கிடந்தன. "இதைவிட நல்ல செட்டு கிடைக்காது" என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

என் முக்கியமான காட்சி அந்த அறையில்தான். கதையில் நள்ளிரவு. நாங்கள் எடுத்தது காலை பதினொரு மணிக்கு, ஜன்னலில் கறுப்புத் துணி கட்டி. வெளியே எங்கோ காலடிச் சத்தம் கேட்கிறது. தங்கச்சி பயந்து முழிக்கிறாள். நான் குனிந்து அவள் காதோரம் சொல்ல வேண்டும்.

"யாரும் இல்ல. காத்துதான். நீ தூங்கு."

அவ்வளவுதான் வசனம். சொன்னேன். அசிஸ்டெண்ட் டைரக்டர் பக்கத்தில் நின்று எழுத்தோடு ஒத்துப் பார்த்தார். முதல் டேக்கிலேயே ஓகே. என் வாழ்க்கையில் முதல் தடவை. அந்த அறையில் எனக்குக் குளிரவும் இல்லை, மயிர்க்கூச்செறியவும் இல்லை. ஒன்றுமே நடக்கவில்லை. அதைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்துவிட்டேன்.

நடந்தது அப்புறம். டப்பிங்கில்.

இந்த மாதிரிப் படங்களில் படப்பிடிப்பில் பதிவாகிற சத்தத்தை வைத்துக்கொள்வதில்லை. ஜெனரேட்டர் இரைச்சல் இருக்கும். அதனால் பிறகு ஸ்டுடியோவில் திரையைப் பார்த்து, வாயசைவுக்குச் சரியாக மறுபடி பேசிப் பதிவு செய்வோம். டப்பிங்குக்கு முதல் நாள் டைரக்டர் போன் செய்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வாய்ஸ் மட்டும் வேற ஒருத்தங்களை வச்சுப் பேச வச்சிடலாம்னு..."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"எட்டு வருஷம் மூஞ்சி இல்லாம நடிச்சேன். இப்ப மூஞ்சி இருக்கு, குரல் இல்லையா? மிச்சம் மீதி இல்லாம ஒரு தடவையாவது முழுசா இருக்க விடுங்க."

டைரக்டர் இறங்கி வந்தார். "சரிக்கா. நாளைக்கு மத்தியானம் வாங்க. ஆனா அன்னிக்கே முடிச்சிடணும். சரியா வரலேன்னா நான் வேற ஆள் வைப்பேன்."

போனேன். ஸ்டுடியோ ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. ஜன்னல் கிடையாது. கனமான கதவை மூடினால் வெளிச்சத்தம் ஒரு பொட்டு வராது. நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும். எதிரே திரை. நடுவில் மைக். பக்கவாட்டில் கண்ணாடித் தடுப்பு; அதற்கு அப்பால் சவுண்ட் என்ஜினியர் உட்கார்ந்திருப்பார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். அவர் பேசினால் என் ஹெட்போனில் கேட்கும்.

இரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். முதல் நான்கு காட்சிகள் மளமளவென்று முடிந்தன. "பரவாயில்லையே" என்று டைரக்டரே தலையைச் சொறிந்தார்.

பிறகு கட்டில் காட்சி.

திரையில் நான் குனிகிறேன். வாய் அசைகிறது. நான் மைக்கில் பேசுகிறேன்.

"யாரும் இல்ல. காத்துதான். நீ தூங்கு."

ஹெட்போனில் என்ஜினியர். "ஒட்டலம்மா. இன்னொண்ணு."

பேசினேன். ஒட்டவில்லை. மெதுவாகப் பேசினேன். வேகமாகப் பேசினேன். ஒட்டவில்லை. என் வசனம் முடிந்த பிறகும் திரையில் என் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

"படம் எங்கயாவது தள்ளி நிக்குதா பாருங்க."

"பாத்துட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு."

மூன்றேகால் ஆயிற்று. மூன்றே முக்கால் ஆயிற்று. டைரக்டர் எழுந்தார். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரைக் கூப்பிடப் போகிறார் என்று எனக்குத் தெரியும். என் வாய். நான் பேசிய வசனம். எனக்கே ஒட்டவில்லை என்றால் எவளுக்கு ஒட்டும்?

"சார், சத்தம் இல்லாம அந்தத் துண்டை மட்டும் திருப்பித் திருப்பி ஓட்டுங்க. நான் பாத்துக்கறேன்."

ஓட்டினார்.

திரைக்குப் பக்கத்தில் போய் என் உதட்டைப் பார்த்தேன். முதலில் புரியவில்லை. மறுபடி பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன்.

'யாரும்' என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். வாய் திறந்தபடி ஆரம்பிக்கும். கடைசியில்தான் உதடு ஒட்டும். அந்த மொத்த வசனத்திலேயே உதடு ஒட்டுகிற இடம் அது ஒன்றுதான்.

திரையில் என் உதடு மூடியபடி ஆரம்பித்தது. திறந்தது. உடனே மறுபடி ஒட்டியது. பிறகு நீளமாக எதையோ சொன்னது. நடுவில் மறுபடி ஒட்டியது. மறுபடியும்.

அது அந்த வசனம் இல்லை.

பதற்றத்தில் மாற்றிச் சொல்லியிருப்பேனோ? அசிஸ்டெண்ட் டைரக்டருக்குப் போன் போட்டேன். "இல்லக்கா, எழுத்து மாறாமத்தான் சொன்னீங்க. நான் டிக் பண்ணியிருக்கேனே" என்றார். படப்பிடிப்பில் பதிவான சத்தத்தைப் போடச் சொன்னேன். ஜெனரேட்டர் இரைச்சல்தான் இருந்தது. அந்த ஒரு ஷாட்டில் மட்டும் வேறு எதுவுமே பதிவாகவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. வசனம் சொல்லும்போது நான் தங்கச்சியாக நடித்த குழந்தையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக நினைவிருக்கிறது. திரையில் என் கண் அவள் மேல் இல்லை. கட்டிலின் தலைமாட்டுப் பக்கம், கொஞ்சம் மேலே... ஒரு ஆள் நின்றால் முகம் இருக்கிற உயரத்தில் இருந்தது.

அங்கே சுவர்தான் இருந்தது.

பின்னால் வந்து ஹெட்போனை எடுத்து மாட்டினேன். மைக்கை விட்டுத் தள்ளி, மூலையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனேன். ஹெட்போன் வயர் நீளமானது.

மூச்சுச் சத்தம் கேட்டது.

என் மூச்சுதான் என்று நினைத்தேன். படபடப்பில் இருந்தேன் அல்லவா.

என்ஜினியரின் குரல் வந்தது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. மைக்குல ரொம்ப ஒட்டி மூச்சு விடறீங்க."

மைக் எனக்குப் பின்னால், அறையின் நடுவில் இருந்தது.

அவர் கீழே குனிந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

சின்ன மூச்சு. வேக வேகமாக. அழுகையை அடக்கினால் வருமே, அப்படி...

"சார்..."

"ரெடியா? போலாம்."

"சார், வேணாம்..."

பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. அவருக்கு நான் சொன்னது கேட்கவில்லை போலிருக்கிறது.

திரையில் நான் குனிந்தேன்.

உதடு மூடியிருந்தது.

திறந்தது.

என் காதுக்குள், ஹெட்போனில்...

"பாப்பு..."

திரையில் என் உதடு ஒட்டியது.

"கண்ணத் தொறக்காத. அம்மா போற வரைக்கும் தொறக்காத."

ஒட்டியது.

ஒவ்வோர் எழுத்தும் ஒட்டியது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். அறையில் ஒரு சத்தமும் இல்லை. மைக்கின் முன்னால் யாரும் இல்லை.

மைக்கின் முன்னால் மாட்டியிருந்த மெல்லிய வலைத்துணி மட்டும்... உள்வாங்கி... வெளியே வந்தது.

உள்வாங்கி... வெளியே.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். கனமான கதவு. இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் என்ஜினியர் முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதுதாம்மா. இத மொதல்லயே பண்ணியிருந்தா ரெண்டு மணி நேரம் மிச்சம்."

"நான் பேசல."

"ம்?"

"நான் வாயவே தொறக்கல சார்."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடி வழியே காலி அறையைப் பார்த்தார். பிறகு மணியைப் பார்த்தார். நான்கு இருபது. "களைச்சுப் போயிருக்கீங்க. போய் ஒரு காபி சாப்பிடுங்க" என்றார்.

டைரக்டர் திரும்பி வந்து அந்தப் பதிவைக் கேட்டார். திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார். வசனத்தை மாற்றியதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். மனிதர் கண் கலங்கி நின்றார். "அக்கா, தாய் இல்லாத வீடு. அங்க போய் 'அம்மா போற வரைக்கும்'னு போட்டீங்க பாருங்க... எனக்குத் தோணவே இல்லியே."

"அது என் குரல் இல்ல."

"சரி சரி."

"தம்பி, நான் விளையாடல. அது நான் இல்ல. அத எடுத்துடுங்க."

"ரிலீஸ் நேரத்துல இதையே பேட்டியில சொல்லுங்கக்கா. பிரமாதமா இருக்கும்."

இவர்களிடம் என்ன சொல்லி என்ன. பேயாக நடித்தபோது யாரும் என்னைப் பார்த்து நிஜமாகப் பயந்ததில்லை. நிஜமாகப் பயந்து நான் வந்து நின்றபோது நன்றாக நடிக்கிறேன் என்றார்கள்.

படம் வந்தது. ஓடாது என்று நினைத்த படம் ஓடியது. எல்லோரும் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேசினார்கள். பெரிய பெண்ணின் குரலும் இல்லை, குழந்தையின் குரலும் இல்லை, எப்படிப் பேசினாள் என்றார்கள். சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். எனக்கும் அது அப்படித்தான் கேட்டது. பெரியவளைப் போலத் தைரியமாகப் பேசிப் பார்க்கிற ஒரு சிறுமியின் குரல்.

அம்மாவைத் தியேட்டருக்குக் கூட்டிப் போனேன். பெரிய திரையில் என் முகம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டில் காட்சி வந்தது. அந்த வரி வந்தது. அம்மாவின் கை சில்லிட்டது.

"மூஞ்சி நீ" என்றாள் மெதுவாக. "பேசறது யாரு?"

அவள் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தேன்.

அதற்கப்புறம் வாய்ப்பு வராமல் இல்லை. வந்தது. நான் கனவு கண்டதைவிடப் பெரிய கம்பெனிகள் கூப்பிட்டன. போய் உட்கார்ந்தால் எல்லோரும் ஒரே மாதிரி ஆரம்பித்தார்கள். "அந்தக் குரல்ல ஒரு தடவை பேசிக் காட்டுங்க."

பேசிக் காட்டுவேன். என் குரல்தான் வரும்.

ஒருவர் மரியாதையாகக் கடைசி வரை கேட்டார். கேட்டுவிட்டு, "தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு டப்பிங் குடுத்தது யாரு? அவங்க நம்பர் கிடைக்குமா?" என்றார்.

சிரித்தேன். அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த மாதம் பழைய கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். பேய் வேஷம். முடி முகத்தை மூடித் தொங்கும். வசனம் இல்லை. ஒத்துக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் நானும் களைப்பில் ஏதோ பிரமை என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். பத்து நாளுக்கு முன்னால் ஒரு போன் வந்தது. மதிய நேரம். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பர். நடுத்தர வயதுப் பெண் குரல்.

"நீங்க படம் எடுத்த வீடு எங்களோடதுங்க. நான் இப்ப அங்க இல்ல. வீட்டைப் பாக்கலாமேன்னுதான் அந்தப் படத்தைப் பாத்தேன்."

"சொல்லுங்க."

"அந்த மேல் ரூம்ல நீங்க சொல்ற வரி... அது யாரு எழுதினது?"

"யாரும் எழுதலீங்க" என்றேன்.

அவர் தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

"அந்த ரூம்லதான் நானும் எங்க அக்காவும் தூங்குவோம். எனக்கு அப்ப ஆறு வயசு. அக்கா என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவ. என்னை பாப்புன்னு கூப்பிடுவா. அவ மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவா. ஒரு நாள் ராத்திரி படியில யாரோ ஏறி வர்ற சத்தம் கேட்டுச்சு. அக்கா என் கட்டிலுக்கு வந்து குனிஞ்சு, நீங்க சொன்னீங்களே, அதையேதான் சொன்னா. நான் கண்ண இறுக்க மூடிக்கிட்டேன். விடியற வரைக்கும் தொறக்கல. விடிஞ்சு தொறந்தப்ப அக்கா இல்ல."

"இல்லன்னா?"

"இல்லங்க. வீட்டுல இல்ல. எங்கயும் இல்ல. கதவெல்லாம் உள்பக்கம் பூட்டினபடி இருந்துச்சு. இன்னி வரைக்கும் கிடைக்கல. அவ சொன்னத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அப்பாகிட்ட சொன்னதில்ல. என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னதில்ல."

என் கையிலிருந்த ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. எதையாவது கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டேன்.

"உங்க அம்மா அப்ப... எங்க போனாங்க?"

"அம்மா அதுக்கு முந்தின மாசமே இறந்துட்டாங்க."

பிறகு, குரல் இன்னும் தாழ்ந்தது.

"ஒண்ணு கேக்கணும்னுதான் கூப்பிட்டேன். அக்கா இன்னமும் கண்ணத் தொறக்காதன்னு சொல்றான்னா..."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"...அம்மா இன்னும் போகலன்னுதானே அர்த்தம்?"